வேலைக்குக் குறுக்கே நிற்கும் பழைய வழக்கு

திருத்தணியைச் சுற்றியுள்ள காலனிகளிலிருந்து நம் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும், எல்லை தாண்டி ஆந்திரப் பகுதிக்கும் வேலைக்குப் போகிறார்கள். மதிப்பெண் சான்றிதழ், ஆதார் எல்லாம் சரியாக இருந்தாலும் விண்ணப்பத்தில் ஓரிடத்தில் பேனா நின்றுவிடுகிறது. 'உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா?' என்ற கேள்விதான் அது.

சாதித் தகராறில் நாம் வன்கொடுமைப் புகார் கொடுத்தால், மறுதரப்பும் ஒரு புகார் கொடுப்பது வழக்கம். அந்த எதிர் வழக்கில், சம்பவ இடத்திலேயே இல்லாத மாணவன் பெயரும் சேர்ந்துவிடுவது உண்டு. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்று நாமும் மறந்துவிடுகிறோம். ராசியானது ஊரில்தான், ஸ்டேஷன் பதிவேட்டில் அல்ல. சில ஆண்டுகள் கழித்துப் போலீஸ் சரிபார்ப்பில் அது வெளியே வருகிறது.

பயந்துபோய் 'இல்லை' என்று எழுதுவதுதான் பெரிய ஆபத்து. அவ்தார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. அரசுப் பணிக்கு விண்ணப்பிப்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும். வழக்கு அற்பமானது என்றால், அதைப் பொறுத்துக்கொண்டு வேலை தர அதிகாரிக்கு இடமுண்டு. தன் மீது வழக்கு இருப்பதே தெரியாதவரை, மறைத்தார் என்று குற்றம் சாட்ட முடியாது. தனியார் கம்பெனிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அங்கும் பொய் பிடிபட்டால் வேலை போகும்.

18 வயதுக்கு முன் நடந்ததற்காகச் சிறார் நீதிச் சட்டப்படி விசாரிக்கப்பட்டவருக்கு, அந்த வழக்கால் தகுதியிழப்பு வராது என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. கொடுங்குற்றத்துக்காக, 16 வயதைக் கடந்து, பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவருக்கு மட்டுமே விலக்கு.

எனவே, வேலை தேடும் முன்பே வழக்கைத் தேடுவோம். ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்தால் நீதிமன்றத்தில் வழக்கின் நிலை தெரியும். பொய் வழக்கு என்றால், அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தை அணுகலாம். பட்டியல் சாதியினர் மீது பிற சாதியினர் பொய் வழக்குத் தொடுப்பதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

வக்கீலுக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு இன்றி இலவச சட்ட உதவி உரிமை உண்டு. சாதிச் சான்றுடன் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும்.

ஊரில் அடுத்த முறை சமாதானம் பேசும்போது பெரியவர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும்: 'எங்கள் பிள்ளைகள் மீதுள்ள வழக்கு எப்போது முடியும்?' அதற்கு விடை கிடைக்கும்வரை சமாதானம் முழுமையடையாது.