அடையாற்று முகத்துவாரமும் நீரின் புளிப்பும்

பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சி இரண்டொரு நாளில் புளித்துவிடுவதை நெசவாள அங்கத்தினர் யாவரும் அறிவர். கஞ்சியிலுள்ள மாவுப்பொருளை நுண்ணுயிர்கள் உண்பதனால் அங்கே அமிலம் பிறக்கிறது. ஏறக்குறைய இத்தகைய காரியமே, நம் வட்டாரத்தின் வழியே ஓடும் அடையாறு கடலோடு கலக்குமிடத்திலும் நடைபெறுகிறது. அங்குப் பிறக்கும் அமிலம் மட்டும் பெரும்பாலும் வேறு.

ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கும் இவ்வாறு, முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர், சைதாப்பேட்டை வழியாகச் சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலை அடைகிறது. வழிநெடுக இலைச்சருகு, வயல்மண்ணின் மட்கு, வீட்டுச் சாக்கடை ஆகியவற்றின் சாறு இதில் இறங்குகிறது. மிக நுண்ணிய வடிகட்டியிலும் தங்காமல் நீரோடு சென்றுவிடும் இச்சாற்றையே 'கரைந்த கரிமப் பொருள்' என்பர். சருகு ஊறிய குளத்து நீர் தேயிலை வடித்தாற்போல் பழுத்திருப்பது இதனால்தான்.

நுண்ணுயிர்கள் இப்பொருளை உண்ணும்போது நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவிட்டுக் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. அவ்வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. வெயிலும் கரிமப் பொருளில் ஒரு பகுதியைச் சிதைத்து அதே வாயுவைத் தருகிறது. போதாக்குறைக்கு, பழுப்பு நிறம் வெளிச்சத்தை மறைப்பதால், அவ்வாயுவை உட்கொள்ளக்கூடிய பாசியினங்களும் தழைப்பதில்லை. மழைக் காலத்தில் ஆற்று வெள்ளமும் கடலின் ஏற்ற இறக்கமும் இவற்றை அடித்துச் செல்லும். கோடையில் முகத்துவாரத்தை மணல் மேடு அடைத்துவிட்டாலோ, நீர் தேங்கி, மூடிவைத்த கஞ்சிப்பானையின் கதியை அடைகிறது.

இதனால் யாருக்கு நஷ்டம்? கிளிஞ்சலும் ஆளியும் தம் ஓட்டைக் கட்டுவது நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டே. புளிப்பு ஏறினால் கார்பனேட் குறைகிறது. ஓடு கட்டுவது கடினமாகிறது. அமெரிக்காவின் ஆரிகன் கரையில் 2007-ஆம் ஆண்டையொட்டி ஆளிக் குஞ்சுகள் ஏராளமாக மடிந்தன. கரியமில வாயு மிகுந்த ஆழ்கடல் நீர் கரையோரம் மேலெழுந்ததே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. உலகக் கடல்களின் பி.எச். அளவும் தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த சுமார் 8.2-லிருந்து 8.1 அளவுக்கு இறங்கியுள்ளது. பார்வைக்குச் சிறு எண். எனினும் இந்த அளவுமுறையில் 0.1 என்பது அமிலத் தன்மையில் ஏறத்தாழ நூற்றுக்கு 26 பங்கு உயர்வாகும். வெளியுலகிலிருந்து வரும் இச்சுமையின் மீது உள்ளூர்ச் சாற்றின் சுமையும் ஏறுகிறது.

இனி, பலரும் கவனியாத ஒரு விஷயம். மட்கிலிருந்து வரும் கரிமப் பொருளில் வலுக்குறைந்த அமிலங்கள் பல உண்டு. இவை நீருக்குப் புளிப்பூட்டுவதோடு, வெளியிலிருந்து சேரும் அமிலத்தில் சிறிதைத் தம்மிடம் வாங்கிக்கொள்ளவும் செய்கின்றன. ஒரே பொருள் இரு வேலை செய்கிறது! நீரின் அமிலம் தாங்கும் சக்தியை அளக்க, அறிந்த வலுவுள்ள அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பது வழக்கம். அப்போது கரிமப் பொருள் வாங்கிக்கொண்ட பங்கும் கார்பனேட் வகைகளின் கணக்கிலேயே ஏறிவிடுகிறது. பி.எச். அளவோடு இத்தவறான தொகையைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஓட்டுக்குரிய கார்பனேட் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். கிளிஞ்சலுக்கு ஆபத்து நெருங்கியிருக்க, தாளில் எல்லாம் செவ்வனே இருக்கும். நடுக்கடலில் இப்பிழை பொதுவாக அற்பம். சாக்கடையும் சருகும் சேரும் முகத்துவாரத்தில் அற்பமன்று. நம் அபிப்பிராயத்தில், ஓர் எண்ணை மட்டும் கேட்டு ஆறு நலம் என்றோ கெட்டது என்றோ தீர்ப்புச் சொல்வது பெரும் பிழை.

ஆகவே கழிமுகத்து நீரைச் சோதிக்கக் கொடுப்போர், கரைந்த கரிமக் கரியின் அளவையும், கரியமில வாயுவின் நேரடி அளவையும் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டும். நீர் எடுக்கும் வேளையும் முக்கியம். இரவெல்லாம் உயிர்கள் மூச்சுவிட, பாசி வாயுவை உட்கொள்ளாதிருப்பதால், விடியற்காலையிலேதான் புளிப்பு மிகுந்திருக்கும். வெயில் ஏறிய பின் எடுத்த நீர் நல்ல பெயரே வாங்கித் தரும். கடல் வற்றும் நேரமும் விடியலும் ஒன்றுகூடும் நாளில், புட்டியை விளிம்பு வரை நிரப்பி, காற்றுக் குமிழி நில்லாதபடி மூடி, குளிர்ச்சியில் வைத்து அன்றே சோதனைச்சாலையில் சேர்ப்பிக்க வேண்டும்.