காலடிக் கணக்கும் கடன் கணக்கும்

வியாபாரம் பற்றிய இந்தப் பக்கத்தில் நடைப்பயிற்சி பற்றி எழுத வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இது நடை பற்றிய கதையாக ஆரம்பித்து ஒரு வியாபாரியின் முப்பது நாள் கடன் வசதி நிற்பதில் போய் முடிந்தது. அதற்கு ஒரு காரணக்காரன் நானே.

2023 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு எங்கள் நண்பர்களில் ஒருவருக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது. டொக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடக்க யாருக்கு மனம் வரும்? மாத்தளை, உக்குவளை, கலேவலை, வில்கமுவ என்று பல இடங்களில் கடை வைத்திருக்கும் ஏழு பேர் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினோம். தினமும் இரவு அவரவர் கையில் கட்டிய பட்டியோ கையடக்கத் தொலைபேசியோ காட்டும் காலடி எண்ணிக்கையைப் படம் பிடித்துப் போட வேண்டும். மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபா. கூடுதலாக நடந்தவருக்கு ஏழாயிரமும்.

முதலில் இந்த ஏழாயிரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாதம் எனக்குத் தெரிந்த ஒரு மௌலவியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. எல்லோரும் காசு போட்டு, ஜெயித்தவர் அள்ளிக்கொண்டு, மற்றவர்கள் இழந்து போவது சூதின் வடிவம்தான் என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து என்றார். குதிரை, ஒட்டகம், அம்பெய்தல் போன்ற சில போட்டிகளுக்கு மார்க்கத்தில் தனிச் சட்டம் உண்டு. அவற்றிலும் போட்டியாளர் எல்லோரும் பணயம் வைப்பதற்கு நிபந்தனை சொல்லியிருக்கிறார்கள். போட்டியில் சேராத ஒருவர் பரிசு கொடுத்தால் பிரச்சினை இல்லை என்றார். அதன் பிறகு நாங்கள் காசு சேர்ப்பதை விட்டோம். கலேவலை நண்பரின் மைத்துனர் ஒருவர் மாதம் ஒரு பத்துக் கிலோ சம்பா மூடை தருவதாக ஏற்றுக்கொண்டார். இன்று உங்களில் பலர் இப்படியான குரூப்புகளில் இருப்பீர்கள். விசாரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருவோம். மூன்றாவது மாதம் வில்கமுவ நண்பர் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். பசளை, கிருமிநாசினி விற்பவர்; போகத்துக்குப் போகம் நெல்லும் வாங்குபவர். தினமும் இருபதாயிரம், இருபத்திரண்டாயிரம் காலடி காட்டினார். நாங்கள் ஏழாயிரத்திலும் எட்டாயிரத்திலும் தவித்துக்கொண்டிருந்தோம்.

வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். சாதாரண வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு நூறு காலடி. இருபத்திரண்டாயிரம் என்றால் மூன்று மணித்தியாலம் நாற்பது நிமிடம். கிட்டத்தட்ட பதினைந்து கிலோமீற்றர். காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு எட்டு மணிக்கு மூடும் மனிதனுக்கு இது எப்படி முடியும்? ஒரு நாள் அவர் போட்ட படத்தில் மணிவாரியாகக் கோடுகள் தெரிந்தன. பெரிய கோடு இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில். வஸ்கமுவ வனத்துக்குப் பக்கத்து ஊர் அது. இரவானால் ரோட்டில் யானைதான் நடக்கும், மனிதன் நடக்க மாட்டான். யானை தோடம்பழ மரத்தை விரும்பாது என்று அந்தப் பக்கத்தில் விவசாயிகளுக்குத் தோடைக் கன்று கொடுத்து நடச் செய்திருக்கிறார்கள் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

நான் குரூப்பில் ஒரு வரி எழுதினேன்: "நண்பர் பட்டியை யானையின் காலில் கட்டி விட்டிருக்கிறார் போல."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அன்றிரவே குரூப்பை விட்டுப் போனார்.

நான் அப்படி எழுதக் காரணமில்லாமல் இல்லை. இந்தக் காலடிக் கணக்கில் உலகம் முழுவதும் மோசடி நடந்திருக்கிறது. பட்டிக்குள்ளே இருப்பது அசைவை உணரும் ஒரு சிறு கருவி. அது காலைப் பார்ப்பதில்லை. ஒரே சீராக வரும் குலுக்கலைப் பார்த்து, இது நடையாக இருக்கும் என்று ஊகிக்கிறது. அவ்வளவுதான். 2015 இல் டேகா பிரெய்ன், சூர்யா மட்டு என்ற இருவர் இதைக் காட்டவே 'அன்ஃபிட் பிட்ஸ்' என்று ஒரு வேலை செய்தார்கள். இசை பயிலுபவர்கள் தாளத்துக்கு வைக்கும் ஆடுகோலில் பட்டியைக் கட்டினார்கள், துளை போடும் மெஷினில் கட்டினார்கள், நாயின் கழுத்தில் கட்டினார்கள். ஆள் கதிரையில் இருக்க, கணக்கு ஏறியது. ஏன் செய்தார்கள் என்றால், காப்புறுதிக் கொம்பனிகளும் முதலாளிமாரும் இந்தக் கணக்கை நம்பி மனிதனை எடைபோடத் தொடங்கியதைக் கேலி செய்யத்தான். அது வெறும் கேலியாகவும் நிற்கவில்லை. 2018 இல் அமெரிக்காவின் ஜோன் ஹான்கொக் கொம்பனி தன் ஆயுள் காப்புறுதிகள் எல்லாவற்றிலும் இப்படி உடற்பயிற்சியைக் கணக்கெடுக்கும் திட்டத்தைச் சேர்ப்பதாக அறிவித்தது. சீனாவில் தொலைபேசியை வைத்து ஊஞ்சல் போல ஆட்டும் சிறு தொட்டிலையே செய்து விற்றார்கள். நண்பர்களுக்குள் முதலிடம் வாங்கவும், காலடிக்குச் சலுகை தரும் காப்புறுதியை ஏய்க்கவும் ஆட்கள் அதை வாங்கினார்கள். ஒரு பொருளுக்குத் தேவை வந்தால் அதைச் செய்து விற்க ஒருவன் வருவான் என்பது நமக்குத் தெரியாததா!

ஓட்டப்போட்டியிலும் இதே கதைதான். 2018 நவம்பரில் சீனாவின் ஷென்ஷென் நகரில் நடந்த அரை மரதனில் 258 பேர் பிடிபட்டார்கள். அதில் 237 பேர் பற்றைக்குள்ளால் குறுக்கு வழியில் புகுந்தவர்கள். வீதி கமராவில் மாட்டிக்கொண்டார்கள். சிலருக்கு இலக்கம் போலி, சிலர் வேறு ஆளை ஓடவிட்டவர்கள். பல்லாயிரம் பேர் ஓடும் இடத்தில், முதலிடம் கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஏமாற்றுகிறார்கள். பரிசு பெரிதாக இருந்தால்தான் மனிதன் ஏமாற்றுவான் என்று நான் நினைத்திருந்தேன். அது சரியில்லை.

இந்தப் பத்தாயிரம் என்ற இலக்கே ஒரு வியாபாரியின் சரக்குத்தான் என்பது தெரியுமா? 1964 தோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965 இல் யமாஸா என்ற ஜப்பான் கொம்பனி ஒரு காலடிமானியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயரின் பொருளே 'பத்தாயிரம் அடி மீற்றர்'. பெயர் பிடித்துப்போய் உலகமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. 2019 இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்த ஆய்வொன்று வெளிவந்தது. தினம் 4,400 காலடி நடந்தவர்களுக்கே 2,700 நடந்தவர்களைவிட மரண அபாயம் கணிசமாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 ஐத் தாண்டிய பிறகு மேலதிக நன்மை பெரிதாகத் தெரியவில்லை. வயதான பெண்களிடம் செய்த ஆய்வுதான். என்றாலும் கல்லாவில் உட்கார்ந்தே காலம் கழிக்கும் நமக்கு அது ஆறுதல். பத்தாயிரம் வரவில்லையே என்று நடக்காமலே இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் குரூப்பில் கொத்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். கல்லில் தகட்டை வைத்துத் தட்டும்போதெல்லாம் பட்டி காலடி என்று எண்ணியது. நின்ற இடத்திலேயே மூவாயிரம்! அவர் ஏமாற்றவில்லை, அவருக்கே தெரியாது. அதே நேரம் தோளில் மூடை சுமந்து லொறியில் ஏற்றும் நாட்டாமைக்கு, கை மூடையைப் பிடித்து அசையாமல் இருப்பதால், நடந்ததும் கணக்கில் குறையும். உழைத்தவனுக்குக் குறைவு, தட்டியவனுக்குக் கூட. என் கதையையும் மறைக்காமல் சொல்கிறேன். ஹெட்டிப்பொலைப் பக்கம் கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போய் வந்த ஒரு நாள் என் பட்டியில் ஆயிரத்து நானூறு கூடுதலாக விழுந்தது. நான் அதைக் குரூப்பில் சொல்லவில்லை. பட்டி தந்ததுதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன். யானைக் கதை எழுதியவனும் இதே ஆள்தான்.

இரண்டு கிழமை போனது. மாத்தளையில் ஒரு மொத்த வியாபாரியின் கடையில் நின்றபோது அவர் சிரித்துக்கொண்டு கேட்டார், "உங்க வில்கமுவ ஆள் நடைக்கும் கள்ளக் கணக்கு காட்டுறாராமே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரூப்பில் இல்லாத அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நடக்கிற கணக்கிலயே பொய் எண்டா சிட்டையில எப்படி எண்டு யோசிச்சேன். இனி கைக்காசுக்குத்தான் சாமான்" என்றார். இத்தனை வருடமும் முப்பது நாள் தவணை கொடுத்தவர். 2022 இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போன பிறகு எல்லா மொத்த வியாபாரிகளும் கடனுக்குப் பயந்துதான் இருந்தார்கள். ஒரு சாட்டு கிடைத்தால் போதும் என்ற நிலை. அந்தச் சாட்டை நான் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த நாளே வில்கமுவவுக்குப் போனேன். நண்பர் என்னைப் பார்த்து எழும்பவில்லை. ஆனால் தேத்தண்ணி போடச் சொன்னார். நான் நேரே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடைக்குப் பின்னால் உள்ள வீட்டுக்குக் கூட்டிப்போனார். முன் அறையிலிருந்து சமையலறை வரை ஒரு நீண்ட விறாந்தை. இருபது அடி இருக்கும்.

"இதிலதான் நானா நடக்கிறன். படுத்தா தூக்கம் வாறதில்ல. கண்ண மூடினா கடன் புத்தகந்தான் தெரியுது. பொஞ்சாதி எழும்பிரக் கூடாதெண்டு தஸ்பீஹ எடுத்துக்கொண்டு அங்கயும் இங்கயும் நடப்பன். சுபஹ் வரைக்கும் நடந்த நாளும் இருக்கு."

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள் அல்லவா, அந்த வருடத்துப் பெரும்போகத்தில் அந்தப் பகுதி விளைச்சல் படுத்துவிட்டது. அவரிடம் விதை நெல்லும் மருந்தும் கடனுக்கு எடுத்த விவசாயிகள் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றார்கள். பெரும்பாலும் சிங்களச் சகோதரர்கள், அவர் வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடைக்கே வருபவர்கள். கேட்கவும் மனமில்லை, விடவும் வழியில்லை. பதினெட்டு இலட்சத்துக்கும் மேல் வெளியில். அதற்கு மேல் வங்கிக் கடன், வட்டி என்ற பாரம் வேறு. குரூப்பில் இருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் அவர் இதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இரண்டு மணிக் கோட்டைப் பார்த்து 'ஏன் தூங்கவில்லை' என்று கேட்டிருக்க வேண்டிய நான், 'எப்படி ஏமாற்றுகிறார்' என்று கேட்டேன்.

நம் தொழிலில் இது புதிதல்ல. ஈரம் என்று சொல்லி மூடைக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ கழிக்கிறோம். ஈரமானி வைத்து அளந்துதான் கழிக்கிறோம் என்று எத்தனை பேர் சொல்ல முடியும்? பதினான்கு வீத ஈரம் என்ற அளவு இருக்கிறது, அளக்கும் கருவியும் இருக்கிறது. கையால் அள்ளி, பல்லில் கடித்து, 'ஈரம்தான்' என்று தீர்ப்புச் சொல்கிறோம். நம் தராசை அளவீட்டு அலகுகள் திணைக்களம் பரிசோதித்து முத்திரை குத்துகிறது. 1995 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இருக்கிறது. நம் வாயிலிருந்து வரும் நிறுவைக்கு முத்திரை குத்த எந்தத் திணைக்களமும் இல்லை. அளவையில் மோசம் செய்வோரின் பெயரிலேயே குர்ஆனில் 83 ஆவது அத்தியாயம் இருக்கிறது. நான் அதை எப்போதும் தராசுக்கு மட்டும் பொருத்தித்தான் ஓதி வந்திருக்கிறேன்.

மாத்தளைக்குத் திரும்பி அந்த மொத்த வியாபாரியிடம் நேரில் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கடையில் நின்ற நாலு பேருக்கு முன்னால் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது, ஏனென்றால் அந்தப் பேச்சும் நாலு பேருக்கு முன்னால்தான் நடந்தது. பிழை என்னுடையது, அவர் நடந்தது உண்மை என்றேன். ஏன் நடந்தார் என்பதைச் சொல்லவில்லை. கடனில் இருக்கிறார் என்று தெரிந்தால் இருக்கும் தவணையும் போய்விடும். அவர் தலையை ஆட்டினார். முப்பது நாள் திரும்பி வரவில்லை. பதினைந்து நாள் தருவதாகச் சொன்னார். குரூப்பிலும் எழுதினேன். மூன்று பேர் 'சரி' என்று போட்டார்கள். கொத்துக்கடைக்காரர் மட்டும் போன் எடுத்து, தன் மூவாயிரத்தைக் கழித்துவிடச் சொன்னார். பாவம், அவர் கணக்கை இரண்டு மாதமாக யாரும் சந்தேகிக்கவே இல்லை.

பரிசு மூடையை நிறுத்திவிட்டோம். இப்போது யாரும் எண்ணிக்கை போடுவதில்லை. கூடுமானவரை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டுப் பேசுகிறோம். வில்கமுவ நண்பர் குரூப்பில் திரும்பச் சேரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அவர் கடைக்கு ஏறினேன். கையில் பட்டி இல்லை. கேட்டதற்கு, மகன் கட்டிக்கொண்டு போய்விட்டான் என்றார். கடன் புத்தகம் மேசையில் விரித்துக் கிடந்தது. இரண்டு பக்கங்களில் குறுக்கே கோடு போட்டிருந்தார், கட்டி முடித்தவர்களாம். "இன்னும் எத்தனை பக்கம்?" என்று கேட்டேன். எண்ணிப் பார்க்கவில்லை என்று சொல்லி, எனக்குத் தேத்தண்ணிக்கு சீனி போட வேண்டாம் என்று உள்ளே குரல் கொடுத்தார்.