மலைச்சாலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஊர் வளர்ந்தால் சாலையும் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் வேண்டும். இவற்றிற்கு உள்ளாட்சிகள் எவ்வாறு பணம் தேடுகின்றன?

2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைப் பார்ப்போம். தலைநகரான கள்ளக்குறிச்சி ஒரு நகராட்சி. வீடும் கடையும் பெருகினால் சொத்துவரியும் உயரும். ஆனால் குழாயை இன்றே பதிக்கவேண்டும். வரியோ ஆண்டுதோறும் சிறுகச் சிறுகத்தான் சேரும். இந்த இடைவெளியை நிரப்புவது கடன். சிறு நகரங்களுக்குத் தனியே கடன் கிடைப்பது அரிது. எனவே, 2002-இல் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்ட கூட்டு நிதியம் ஒன்று, 13 உள்ளாட்சிகளுக்காகச் சேர்த்துக் கடன்பத்திரம் வெளியிட்டது.

மேற்கே கல்வராயன் மலையில் நிலைமை வேறு. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த பகுதி இது. காட்டுக்கு வீட்டுவரி கிடையாது; சிதறிய சிற்றூர்களின் வரியைக்கொண்டு மலைச்சாலை போட இயலாது. இங்கே மாநில நிதிக்குழு உதவுகிறது. அதன் பரிந்துரைப்படி, அரசின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்குச் செல்கிறது.

இந்தப் பங்கீட்டில் மக்கள்தொகையே முக்கிய அளவுகோல். எடுத்துக்காட்டாக, சமவெளியில் 1,000 பேருக்கு 2 கிலோமீட்டர் சாலை போதுமென்றால், ஆளுக்கு 2 மீட்டர். மலையில் அதே 1,000 பேர் சிதறி வாழ்வதால் 10 கிலோமீட்டர் தேவையென்றால், ஆளுக்கு 10 மீட்டர். தலைக்குச் சமமான பணம் மலையில் ஐந்தில் ஒரு பங்கு சாலைக்கே போதும். சிறு ஊராட்சிகளுக்குக் குறைந்தபட்சத் தொகை வழங்குவது இதனால்தான். தலைகளோடு தொலைவையும் எண்ணும் கணக்கே மலைக்கு நியாயமான கணக்கு.