காற்றில் வந்த உரம்

இங்கிலாந்தில், இலண்டன் மாநகருக்கு வடக்கே ஹார்ப்பன்டன் என்னும் ஊரை ஒட்டி ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம் அமைந்துள்ளது. அதன் சேமிப்புக் கூடத்தில் கண்ணாடிக் குப்பிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் சேர்த்து வைக்கப்பட்ட கோதுமை மணிகளும் வைக்கோலும் மண்ணும் அவற்றுள் உள்ளன. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அம்மாதிரிகளைத் தொடக்கத்தில் சேர்த்தவர்கள், பிற்காலத்தார் அவற்றை எதற்குப் பயன்படுத்துவர் என்பதை முழுமையாக அறிந்திருக்க இயலாது. எனினும் காத்தனர். பயிருக்கும் காற்றுக்கும் இடையே மறைந்திருந்த ஓர் உறவை அக்குப்பிகளே பின்னாளில் காட்டிக் கொடுத்தன.

ஜான் பென்னட் லாஸ் என்னும் நிலவுடைமையாளரும் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் வேதியியலாரும் 1843-ஆம் ஆண்டு அங்குள்ள பிராட்பாக் வயலில் கோதுமை ஆய்வைத் தொடங்கினர். வயலைப் பட்டைகளாகப் பிரித்து, ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்குக் கனிம உரம், ஒன்றுக்கு எதுவுமில்லை என வகுத்தனர். அக்காலத்தில் ஜெர்மானிய அறிஞர் லீபிக், பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் போதிய அளவு கிடைத்துவிடும் என்று கருதினார். பிராட்பாக் வயல் அக்கருத்தை மறுத்தது. நைட்ரஜன் உரம் பெற்ற பட்டைகளில் விளைச்சல் பெருகியது, பெறாதவற்றில் குன்றியது. நைட்ரஜனைப் பொறுத்தவரை லீபிக் தவறினார். ஆனால், பயிருக்கு வேண்டிய வேறொரு தனிமம் உண்மையிலேயே காற்றின் வழியாக வந்துகொண்டிருந்தது. அது கந்தகம்.

தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் எல்லா அமினோ அமிலங்களிலும் உண்டு. புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்களுள் சிஸ்டீன், மெத்தியோனைன் ஆகிய இரண்டில் மட்டும் கந்தகமும் சேர்ந்திருக்கும். பூத்தொடுப்பவரிடம் மல்லிகை மலையெனக் குவிந்திருந்தாலும், இடையிடையே வைத்துக் கட்ட வேண்டிய மருக்கொழுந்து தீர்ந்துபோனால் சரம் அவ்விடத்திலேயே நின்றுவிடும். புரதம் உருவாவதும் அவ்வாறே. ஒரு ஹெக்டேர் கோதுமை ஏறத்தாழ 200 கிலோ நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும்போது, அதற்கு 15 முதல் 20 கிலோ வரை கந்தகமும் தேவைப்படுகிறது. அளவில் சிறிது, ஆயினும் அது இல்லாவிடில் மிகுதியாக இட்ட நைட்ரஜன் புரதமாக மாற வழியின்றித் தேங்கிவிடும்.

இங்கிலாந்தின் உழவர்கள் நெடுங்காலம் கந்தகத்தைப் பற்றிக் கவலைப்பட நேரவில்லை. ஆலைகளும் வீட்டு அடுப்புகளும் எரித்த நிலக்கரியிலிருந்து எழுந்த கந்தக டைஆக்சைடு, மழையோடும் தூசியோடும் வயல்களில் இறங்கியது. அம்மோனியம் சல்பேட், சூப்பர் பாஸ்பேட் போன்ற பழைய உரங்களும் கேளாமலே கந்தகத்தைக் கொடுத்தன. ஆனால் பயிருக்கு உணவான அப்புகை மனிதருக்கு நஞ்சாக இருந்தது. 1952-ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 1970-ஆம் ஆண்டையொட்டி உச்சத்தை எட்டிய கந்தக உமிழ்வு, அதன்பின் ஆண்டுக்காண்டு சரிந்தது. ரோதம்ஸ்டெட் அறிவியலார் குப்பிகளிலிருந்த கோதுமை மாதிரிகளின் கந்தக ஐசோடோப்பு விகிதத்தை ஆராய்ந்தபோது, இந்த ஏற்றமும் இறக்கமும் அவற்றில் பதிந்திருந்தன. உமிழ்வின் உச்சக் காலத்தில் கோதுமை பெற்ற கந்தகத்தில் பாதிக்கும் மேற்பட்டது மனிதர் எழுப்பிய புகையின் கொடை என்பது தெரியவந்தது.

கொடை நின்றதும் வயல்கள் வெளிறத் தொடங்கின. எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் கடுகினப் பயிரின் பொன்னிற இதழ்கள் வெண்மை பாய்ந்தன. இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. நைட்ரஜன் குறைந்தாலும் இலை மஞ்சளாகும். கந்தகம் குறைந்தாலும் மஞ்சளாகும். நைட்ரஜன் செடிக்குள் எளிதில் இடம்பெயரக்கூடியது என்பதால், பற்றாக்குறையின்போது முதிய இலைகளிலிருந்து இளந்தளிருக்குச் சென்றுவிடும். எனவே அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகம் அவ்வாறு எளிதில் நகராது. ஆதலால் நுனியிலுள்ள இளைய இலைகள் முதலில் வெளிறும். இவ்வேறுபாட்டைக் காணத் தவறி மேலும் யூரியாவை இடுபவர், நோயைத் தீர்ப்பதாக எண்ணி வளர்த்துவிடுகிறார்.

விளைச்சல் குறைவது கண்ணுக்குத் தெரியும். தரம் குறைவதோ அடுப்பில்தான் தெரியும். கோதுமை மாவைப் பிசையும்போது நீண்டு நெகிழும் தன்மையைத் தருவது குளுட்டன் என்னும் புரதத் தொகுதி. ஒரு புரத இழையின் சிஸ்டீன் மற்றோர் இழையின் சிஸ்டீனோடு கந்தகப் பாலத்தால் பிணைவதால்தான் அவ்வலை உருவாகிறது. கந்தகம் குறைந்த மணியில் இப்புரதங்களின் விகிதம் மாறிவிடுகிறது. மாவு இறுகி, இழுத்தால் நீளாமல் நிற்கும். சுட்ட ரொட்டி உப்பாமல் சிறுத்துப் போகும். எடையில் குறையாத மூட்டையும் இக்காரணத்தால் தரத்தில் தாழக்கூடும்.

அதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. 2002-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், உயர்வெப்பத்தில் சுட்டும் வறுத்தும் ஆக்கப்படும் மாவுப்பொருள் உணவுகளில் அக்ரிலமைடு என்னும் வேதிப்பொருள் இருப்பதை அறிவித்தனர். அது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என ஐயுறப்படும் பொருள். அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலம் 120 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சர்க்கரையோடு வினைபுரிவதால் அது பிறக்கிறது. கந்தகமின்றித் தவிக்கும் கோதுமை, புரதமாக்க இயலாத நைட்ரஜனைத் தனித்த அஸ்பராஜினாகவே மணியில் சேமித்து வைக்கிறது. அத்தகைய மணியில் அதன் அளவு பல மடங்கு உயர்வதையும், அம்மாவைச் சூடாக்கினால் அக்ரிலமைடு மிகுவதையும் ரோதம்ஸ்டெட், ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் எடுத்துக்காட்டினர். வயலில் சில கிலோ கந்தகம் குறைந்ததன் விளைவு உணவுத்தட்டு வரை வந்துவிடுகிறது.

உரத்தின் வகை மாறியதால் கந்தகம் குறைந்த கதை இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் தொடங்கப்பட்டது. மணிச்சத்துக்காக இடப்பட்ட அவ்வுரத்தில் நூற்றுக்குப் பதினொரு பங்களவு கந்தகமும் இருந்தது. பின்னர் 46 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட யூரியாவும் டி.ஏ.பி.யும் பெருகின, யூரியாவில் கந்தகம் அறவே இல்லை. 2023-இல் இந்தியாவில் அறிமுகமான, கந்தகப் பூச்சுடைய யூரியா இக்குறையை ஈடுசெய்யும் முயற்சியாகும்.

தமிழக நிலக்கடலை உழவர்களுக்குக் கந்தகம் புதிதன்று. இறவைப் பயிரில் விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்குமாறு வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். அதிலுள்ள கால்சியம் காய் திரள உதவுகிறது. கந்தகம் பருப்பில் எண்ணெய் கூட உதவுகிறது. பூத்து முடித்த விழுதுகள் மண்ணுக்குள் இறங்கும் பருவமும் அதுவே.