தண்டச்சோறு

மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் உபாத்தியாயர். என் வகுப்பில் மாமன் வீட்டை அண்டி வளரும் ஒரு சிறுமி இருக்கிறாள். அம்மாமனின் மகன் ஒரு நாள் தோழர்கள் நடுவே அவளைத் "தண்டச்சோறு" என்று கூப்பிட்டான். பையனை எழுப்பி நிறுத்தி, மன்னிப்புக் கேட்கச் செய்து, இனி அவளிடம் அன்பாக நடந்துகொள்ள வேண்டுமென்று உத்தரவும் போட்டேன். மறுநாள் அவளுடைய நோட்டுப் புத்தகம் கிழிந்து கிடந்தது.

பத்து வயதுப் பாலகனுக்கு அந்தச் சொல் எங்கிருந்து கிடைத்திருக்கும்? நிச்சயமாகப் பாடப் புத்தகத்திலிருந்து அல்ல.

அன்றிரவு 'ஜேன் அயர்' நாவலை மறுபடியும் எடுத்துப் புரட்டினேன். ஷார்லட் பிராண்டி என்னும் ஆங்கில மாது எழுதி 1847-ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் அது. தாய் தந்தையற்ற பத்து வயதுச் சிறுமி ஜேன், காலஞ்சென்ற தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள். மாமன் மகன் ஜானுக்கு வயது பதினான்கு. ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து, பறவைகளைப் பற்றிய புத்தகமொன்றைப் பார்த்துக் கொண்டிருந்தவளை வெளியே வரவழைத்து, அதே புத்தகத்தை அவள்மேல் வீசுகிறான். கதவில் மோதித் தலையில் இரத்தம் வடிகிறது. வீசுவதற்கு முன் அவன் சொல்லும் நியாயத்தைக் கவனியுங்கள். இவ்வீட்டில் அவள் உண்பதும் உடுப்பதும் தன் தாயின் செலவிலாம், பிச்சையெடுக்க வேண்டியவளாம். அம்மா சொல்லியிருக்கிறாள் என்று சாட்சியும் கூறுகிறான். நமது தண்டச்சோறேதான், வேறென்ன! அவள் எதிர்த்துப் போராடவே, மாமன் உயிர்விட்ட சிவப்பு அறையில் அவளைத்தான் பூட்டுகிறார்கள்; ஜானுக்குத் தண்டனை ஏதுமில்லை.

தாயின் வாய்ச்சொல் ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிடலாமா? கதையின் பிற்பகுதியில், மரணப் படுக்கையிலிருக்கும் மாமி மனத்தைத் திறந்து பேசுகிறாள். அவள் கணவர், இறந்துபோன சகோதரியின் குழந்தையைத் தாம் பெற்ற பிள்ளைகளைவிட அதிகமாகச் சீராட்டினாராம். பிள்ளைகளும் அவளிடம் பிரியமாயிருக்க வேண்டுமென்று பாடுபட்டாராம். அவர்கள் வெறுப்பைக் காட்டியபோது கோபித்துக் கொண்டாராம். நல்ல மனிதர்தாம், ஆனால் அன்பைக் கட்டளையாக்கிவிட்டார். தகப்பன் மடியில் தன் இடம் பறிபோயிற்று என்று நினைக்கும் குழந்தை தகப்பன்மேலா பாயும்? கேட்பாரற்ற குழந்தையைத்தான் கிள்ளும்.

எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் நான் செய்த காரியமும் அதுவே அல்லவா?

வங்காளத்தில் விபூதிபூஷண் பந்த்யோபாத்யாய எழுதி, 1929-இல் புத்தகமாக வந்த 'பதேர் பாஞ்சாலி'யை நினைத்துப் பார்த்தேன். சத்யஜித் ராய் 1955-இல் எடுத்த படத்தின் மூலமாகவேனும் நேயர்கள் அக்கதையை அறிந்திருப்பார்கள். கிழவி இந்திர் ஒண்டியிருக்கும் உறவினள். வீட்டுக்காரி சர்வஜயா கொடியவள் அல்லள். ஆனால் வறுமையில் ஒரு வாய் கூடுதலென்றால் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய கடுஞ்சொற்களைக் கேட்டே மகள் துர்க்கா வளர்கிறாள். இருந்தும் கிழவியை விட்டு அகலமாட்டாள். பிரியம் காட்டு என்று அவளுக்கு ஒருவரும் கட்டளையிடவில்லை. கதை சொல்லக் கிழவி இருந்தாள், அவ்வளவுதான்.

எங்கள் சிறுமி கணக்கில் கெட்டிக்காரி. பையனுக்கோ வகுத்தல் என்றாலே நடுக்கம். இப்போது இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். உபதேசம் எதுவும் செய்யவில்லை. நோட்டுக் கிழிவது நின்றிருக்கிறது. அவன் வீட்டு அடுக்களையில் பேசப்படுவதைப் பற்றிப் பெரியவர்களிடம் வாய் திறக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.