கரிகாலனைக் கொன்றது யார்? பூவரசங்குளத்தில் முடியாத வழக்கு

"உத்தம சோழனைத் தவிர வேறை ஆருக்கு லாபம், பிள்ளை?"

"லாபம் கண்டவனெல்லாம் கொலைகாரன் எண்டால், பிறகு பட்டத்துக்கு வந்த அருள்மொழியையும் கூண்டில ஏத்தவேணும், சேர்."

வவுனியா–மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவரிடம் படித்த கம்பஸ் மாணவியும் மல்லுக்கட்டுவது 'பொன்னியின் செல்வன்' நாவலில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை பற்றி. அது 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் எழுத்தாளர் கல்கி எழுதிய தொடர். கதையில் சிற்றரசர் பழுவேட்டரையர் கொலைப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட பிறகும் வாசகருக்குச் சந்தேகம் தீரவில்லை. கேள்விகள் குவிய, கல்கி முடிவுரை எழுதினார். கொலை முடிச்சை மட்டும் இறுக்கமாகவே விட்டுவிட்டார். நல்லதுதான், அவிழ்த்திருந்தால் இந்தத் திண்ணைச் சண்டை ஏது?

கதை அப்படி. வரலாற்றிலோ, காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு குற்றவாளிகளைப் பெயர் சொல்லியே காட்டுகிறது: சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்கள். அவர்களில் இருவருக்குப் 'பிரமாதிராசன்' பட்டம் வேறு. அதாவது காட்டில் பதுங்கிய சதிகாரர் அல்லர், அரசு உயர் அதிகாரிகள். கல்வெட்டு, உத்தம சோழனுக்குப் பின் ராஜராஜன் என்று முடிசூடிய அருள்மொழியின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அப்படியென்றால் உத்தம சோழன் ஆண்ட காலமெல்லாம் தண்டனை இல்லையா? உத்தம சோழன்மேல் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரிக்குச் சந்தேகம் இங்கேதான் பிறந்தது. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்வெட்டு துரோகிகளின் நில விற்பனையைத்தான் சொல்கிறது, தண்டித்த நாளை அல்ல என்றார் குடவாயில் பாலசுப்ரமணியன். நான் மாணவியின் கட்சி. சந்தேகம் வேறு, சாட்சி வேறு.

2022இல் மணிரத்னத்தின் படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்த இளசுகளுக்கு ஈழத்து அத்தியாயங்கள் "கொஞ்சம் இழுவை". ஆசிரியருக்கு அவைதான் உயிர். கதைநாயகன் வந்தியத்தேவன் மாதோட்டத்தில் சிறைப்பட்டதைச் சொல்லும்போது, மன்னார்ப் பக்கம் கையை நீட்டிக் காட்டுவார், ஏதோ முந்தநாள் நடந்ததுபோல.

மாணவிக்கு அங்கேதான் கோபம். கதையில் அருள்மொழி அனுராதபுரத்து விகாரைகளைத் திருத்துவிக்கிறான். ஆனால் 1017இல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துப்போன சோழப்படை விகாரைகளைச் சூறையாடியது என்கிறது இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம்.

"படை போன ஊரில கட்டடம் திருத்தினதை நான் கதையிலதான் வாசிச்சிருக்கிறன், சேர்."

"கதை எண்டுதானே கல்கியும் போட்டவர்," என்று ஆசிரியர் மூன்றாம் பாகத்தைப் புரட்டத் தொடங்கினார்.