தோட்டத்துக்கு எந்தக் கேமரா?

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் மூத்தவர்களின் கதைகளை ஒலிப்பதிவு செய்து வானொலியில் ஒலியேற்றத் தொடங்கிய பிறகு, நேயர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி அந்தக் கதைகளைப் பற்றியது அல்ல. “நாங்க பொறந்த தோட்டத்தையும் படம் எடுத்து வைக்கணும், என்ன கேமரா வாங்கலாம்?” என்பதுதான்.

பலருக்குக் கைப்பேசியே போதும். காசு சேர்த்து வைத்துக்கொண்டு நல்ல கேமரா தேடுபவர்கள்தான் இரண்டு வகைகளுக்கு நடுவில் தடுமாறுகிறார்கள். ஒன்று, லென்ஸைக் கழற்றவே முடியாத சிறிய கேமரா. ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100விஐ அந்த வகை. மற்றொன்று, லென்ஸ் மாற்றக்கூடிய ரேஞ்ச்ஃபைண்டர். லைக்கா எம்11 போன்றது. ரேஞ்ச்ஃபைண்டரில் கண் வைத்துப் பார்த்தால் நடுவில் ஓர் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் தெளிவாக விழும். தானாகக் குவியம் பிடிக்கும் வசதி கிடையாது. விலையையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் எக்ஸ்100விஐ அறிமுகமானபோது அமெரிக்காவில் 1,599 டாலர். 2022-இல் எம்11-இன் விலை 8,995 டாலர், அதுவும் லென்ஸ் இல்லாமல்.

நண்பர் ஒருவரிடம் லைக்காவை இரவல் வாங்கி ஒரு வார இறுதி முழுக்கப் புக்கிட் ரோத்தான் பக்கம் சுற்றினேன். கையில் பிடித்தால் கீழே வைக்க மனம் வராது, உண்மைதான். ஆனால் லயத்து வீட்டுக்குள் நுழைந்ததும் அதில் மாட்டியிருந்த 50 மி.மீ. லென்ஸ் என்னைச் சுவரோடு சுவராக ஒட்ட வைத்தது. பாட்டியின் முகம் வந்தால் அடுப்பு வரவில்லை, அடுப்பு வந்தால் சாமி படம் வரவில்லை. எக்ஸ்100விஐ-யின் லென்ஸ் 35 மி.மீ. பார்வைக்குச் சமம். அஞ்சடியில் (ஐந்தடி முன்வாசலைத்தான் சொல்கிறேன்) உட்கார்ந்திருப்பவரை, அவர் வீட்டு வாசற்படியோடு சேர்த்து எடுக்க அந்த அகலம் சரியாக இருக்கிறது. லைக்காவுக்கும் 35 வாங்கலாம். ஆனால் அதையே ஒன்றாக மாட்டி வைத்துக்கொள்வதானால், கழற்றும் வசதிக்கு எதற்குக் கூடுதல் பணம்?

வானொலிக்காரனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது ‘களக்’ என்று ஷட்டர் சத்தம் கேட்டால் எனக்கு வேலை கெடும், பேசுபவருக்குப் பேச்சு அறுந்துபோகும். எக்ஸ்100விஐ-யின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அது திறந்து மூடுவது காதில் விழாத அளவுக்கு மெதுவானது.

பிறகு புழுதி. செம்பனை லாரிகள் ஓடும் செம்மண் சாலையில் நின்று லென்ஸை மாற்றினால், உள்ளே இருக்கும் சென்சாரில் தூசி உட்காரும். நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பதும் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. நான்கு லென்ஸ் வைத்திருந்தால் நான்கையும் ஈரம் புகாத பெட்டியில் காக்க வேண்டும். எக்ஸ்100விஐ-யும் மழைக்கு முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கான வளையத்தையும் ஃபில்டரையும் தனியாக வாங்கி முன்னால் மாட்ட வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் ஜெயிக்கும் இடம் திருவிழா. மாரியம்மன் கோயில் தீமிதியில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று 35-இல் எடுத்தால் பூக்குழி இறங்குபவர் கட்டை விரல் அளவில்தான் இருப்பார். லைக்காவில் 90 மி.மீ. மாட்டினால் முகம் கிடைக்கும். எக்ஸ்100விஐ-யின் 40 மெகாபிக்சல் படத்தை வெட்டி 70 மி.மீ. அளவுக்குக் கொண்டு வரலாம். அப்போது 10 மெகாபிக்சல்தான் மிஞ்சும். ஏ4 அளவில் அச்சிட அது தாங்கும், அதற்கு மேல் வேண்டாம். கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளுக்கு மட்டும் இரண்டையுமே சிபாரிசு செய்ய மாட்டேன். ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. படகோ ஆடிக்கொண்டே இருக்கும். பேசாமல் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு பெரெம்பாங் மரங்களைக் கண்ணால் பாருங்கள்.

லென்ஸ் நிறைய இருந்தால்தான் நல்ல படம் வரும் என்பவர்களுக்கு ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனை நினைவுபடுத்துவேன். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் அவர். கையில் லென்ஸ் மாற்றக்கூடிய லைக்கா இருந்தும், பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸில்தான் வாழ்நாள் வேலையை முடித்தார்.

எனவே என் ஓட்டு, லென்ஸ் கழற்ற முடியாததற்கு. மிச்சமாகும் பணத்துக்கு அவசரமான செலவு ஒன்று காத்திருக்கிறது. நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நடப்பட்டது 1917-இல், இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். (பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை!) அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. துரைக்குப் புத்தகமும் பரிசும் இருக்கின்றன. இந்த வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள், குலை அறுத்தவர்கள் பலருக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படமே இல்லை. நான் போன வீடுகளில் கண்டது இது. லயங்கள் இடிபட்டு, பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போன பிறகு, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று காட்டவும் ஒன்றும் இருக்காது.

அந்தப் பணத்தில் படங்களை அச்சிடுங்கள். கைப்பேசிக்கு அனுப்பினால் பேரன் பார்ப்பான், பாட்டி பார்க்க மாட்டார். படத்தின் பின்புறம் பெயர், தோட்டம், தேதி மூன்றையும் பேனாவால் எழுதுங்கள். ஒன்றை அவர்களிடம் கொடுங்கள், ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஜோக் பக்கம் ஒரு பாட்டிக்கு அப்படி அச்சிட்ட படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பழைய சேலையா போச்சே. வர்ற பூசைக்கு வா, புதுசு கட்டிக்கிட்டு நிக்கிறேன்” என்றார்.